எழுதிவிட்டால் நடந்ததாக அர்த்தமா?

மருத்துவமனைக்குள் கணினி வந்துவிட்டால் கேஸ் ஷீட் தலைவலி எல்லாம் தீர்ந்துவிடும் என்று நம்புகிறவர்களோடு சண்டை போடத்தான் இந்தப் பதிவு. "அந்தக் காலத்துப் பேப்பரே தேவலாம்பா" என்கிறவர்களோடும் ஒரு சின்ன சண்டை பாக்கி இருக்கிறது. இரண்டு கட்சியுமே தப்பு என்பது என் கட்சி. பதிவு கொஞ்சம் நீளம். நடுவில் டீ குடித்துவிட்டு வரலாம், ஓடிப்போகாது :-)

சொல்ல வருவது ஒரே ஒரு விஷயம். நோயாளியைப் பற்றிய குறிப்பை யார் படிப்பதற்காக எழுதுகிறோம் என்று முடிவு செய்யாமல் அதைத் தூக்கிக் கணினியில் வைத்தால், எழுத்து பெருகும், தகவல் குறையும். அமெரிக்கா இதைக் கோடிக்கணக்கான டாலர் செலவழித்து நிரூபித்துக் காட்டியிருக்கிறது. அதே பாதையில் இப்போது நாமும் நடக்க ஆரம்பித்திருக்கிறோம். நம் வகுப்பில் பாதிப் பேர் படிப்பு முடிந்ததும் மெடிக்கல் கோடிங் பக்கம் போகும் யோசனையில் இருப்பதால், இது நம் சோற்றுப் பிரச்சினையும்கூட.

கேஸ் ஷீட் என்பது என்ன?

காலை டியூட்டி நர்ஸ் மதியம் வீட்டுக்குப் போய்விடுவார். பெரிய டாக்டர் ஒரு தடவை வார்டைச் சுற்றிவிட்டு ஆபரேஷன் தியேட்டருக்குப் போய்விடுவார். ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சு வாங்குகிறது என்று கூப்பிட்டால் ஓடி வருகிற டாக்டர், அந்த நோயாளியை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்ப்பார். இவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் நிற்பதே இல்லை. இவர்களை இணைக்கிற ஒரே சரடு அந்தக் கேஸ் ஷீட்தான். அது நேரில் பார்க்க முடியாத அடுத்த ஆளுக்கு எழுதி வைக்கும் கடிதம்.

இதை ஒழுங்காக எப்படி எழுதுவது என்று உலகத்துக்குச் சொல்லிக் கொடுத்தவர் லாரன்ஸ் வீட் என்கிற அமெரிக்க மருத்துவர். 1968ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் அவர் எழுதிய கட்டுரை இன்றைக்கும் மருத்துவக் கல்லூரிகளில் பேசப்படுகிறது. நோயாளி என்ன சொல்கிறார், நாம் பரிசோதித்ததில் என்ன தெரிகிறது, இதிலிருந்து நாம் என்ன நினைக்கிறோம், அடுத்து என்ன செய்யப் போகிறோம். இந்த நான்கு பகுதிக் குறிப்பு அவர் கொடுத்ததுதான். எழுதும்போதே மருத்துவர் யோசித்தாக வேண்டும், படிக்கிறவருக்கு அந்த யோசனை தெரிய வேண்டும் என்பது அவர் கணக்கு. இன்னொரு விஷயம்: அவர் கணினிக்கு எதிரி கிடையாது. 1970களிலேயே வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் கணினி வழி நோயாளிப் பதிவேடு ஒன்றை உருவாக்கிப் பார்த்தவர். ஆகவே இந்தப் பதிவைப் படித்துவிட்டு "இவன் கம்ப்யூட்டரே வேண்டாங்கறான்" என்று யாரும் பின்னூட்டம் போட வேண்டாம்.

காகிதம் ஒன்றும் புனிதமானது இல்லை

பேப்பர் கட்சிக்காரர்களுக்கு இரண்டு வார்த்தை. டாக்டர் கையெழுத்து என்றாலே நமக்குச் சிரிப்பு வருகிறது. அந்தக் கிறுக்கலை மருந்துக்கடைக்காரர் தப்பாகப் படித்தால் சிரிப்பு வராது. பெரிய எழுத்தில், புரிகிற மாதிரி, மருந்தின் பொதுப் பெயரை எழுதுங்கள் என்று 2016ல் இந்திய மருத்துவக் கவுன்சில் தன் நடத்தை விதியைத் திருத்த வேண்டியிருந்தது என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள். காகிதக் கோப்பு ஒரு நேரத்தில் ஒரே இடத்தில்தான் இருக்கும். எக்ஸ்ரே அறையில் இருந்தால் வார்டில் இருக்காது. மழையில் நனையும், கரையான் தின்னும், "ரெக்கார்டு ரூம் சாவி வைத்திருப்பவர் லீவு" என்று பதில் வரும்.

உள்நோயாளியின் ஆவணத்தை 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 2002ல் வந்த மருத்துவக் கவுன்சில் விதி சொல்கிறது. கணினிமயமாக்க முயற்சி எடுங்கள் என்றும் அதே விதியில் இருக்கிறது. தேடி எடுப்பது, பத்திரமாக வைப்பது, பல பேர் ஒரே நேரத்தில் பார்ப்பது... இதற்கெல்லாம் கணினியை அடித்துக்கொள்ள ஆளில்லை. அதில் எனக்குத் தகராறே கிடையாது. என் தகராறு, உள்ளே என்ன எழுதுகிறார்கள் என்பதில்.

அமெரிக்காவில் நடந்த கூத்து

2009ல் பொருளாதார மீட்புச் சட்டத்தோடு சேர்த்து அமெரிக்க அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. மின்னணு நோயாளிப் பதிவேட்டை வாங்கிப் பயன்படுத்துகிற மருத்துவமனைக்கும் மருத்துவருக்கும் ஊக்கத்தொகை, பயன்படுத்தாதவருக்குப் பின்னால் பிடித்தம். மொத்தம் 3000 கோடி டாலருக்கு மேல் கொடுத்தார்கள். 2008ல் நூறு மருத்துவமனையில் ஒன்பதோ பத்தோ அடிப்படை அளவிலான கணினிப் பதிவேடு வைத்திருந்தன. 2015ல் அது எண்பதைத் தாண்டிவிட்டது. ஏழு வருஷத்தில் ஒரு நாட்டின் கேஸ் ஷீட் எல்லாம் திரைக்குள் போய்விட்டது. சாதனைதான், மறுக்கவில்லை.

திரைக்குள் போன பிறகு என்ன ஆனது என்று அவர்களே எண்ணிப் பார்த்தார்கள்.

2016ல் வெளிவந்த ஓர் ஆய்வில், நான்கு மாநிலங்களில் 57 மருத்துவர்களின் பக்கத்தில் ஆளை நிறுத்தி நேரத்தைக் குறித்தார்கள். நோயாளியோடு நேருக்கு நேர் ஒரு மணி நேரம் என்றால், கணினிக்கும் மேஜை வேலைக்கும் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் போனது. அது போக வீட்டுக்குப் போய் ராத்திரியில் ஒன்றிரண்டு மணி நேரம் வேறு. நம்ம ஊர் மொழியில் சொன்னால், பகலில் பிடுங்கியது போதாது என்று ஆணியை வீட்டுக்கும் எடுத்துப் போகிறார்கள்.

சரி, இவ்வளவு நேரம் உட்கார்ந்து நிறைய யோசித்து எழுதுகிறார்களோ என்று பார்த்தால், அதுவும் இல்லை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ மருத்துவமனையில் உள்நோயாளிகளின் தினசரிக் குறிப்புகள் 23,630ஐ எடுத்து, எந்த எழுத்து எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பார்த்து 2017ல் வெளியிட்டார்கள். கையால் தட்டச்சு செய்தது 18 சதவீதம். வேறு இடத்திலிருந்து காப்பி எடுத்து ஒட்டியது 46 சதவீதம். மீதி 36 சதவீதம், ரத்தப் பரிசோதனை முடிவு, மருந்துப் பட்டியல் என்று கணினி தானாக இழுத்துப் போட்டது. அதாவது ஐந்து வரியில் ஒரு வரிகூட அன்றைக்கு மனிதன் உட்கார்ந்து எழுதியது கிடையாது!

இன்னொரு இடம், ஓரிகான். 2009ல் அங்கே ஒரு மருத்துவக் குறிப்பின் நடு அளவு 401 வார்த்தை. 2018ல் 642. நோயாளிகள் அந்தப் பத்து வருஷத்தில் ஒன்றரை மடங்கு சிக்கலாகிவிட்டார்களா என்ன? பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவமனைகளில் 10 கோடிக்கும் மேற்பட்ட குறிப்புகளைக் கணினியை விட்டே அலசி 2022ல் வெளியிட்ட ஆய்வில், மொத்த எழுத்தில் பாதி அதே நோயாளியைப் பற்றி ஏற்கெனவே எழுதியதன் நகல் என்று வந்தது. பாதி! நாம் அசைன்மென்டில் இப்படிச் செய்தால் ஹெச்ஓடி ரூமில் நிற்க வேண்டியிருக்கும்.

நகலில் என்ன கெடுதல் என்று கேட்பவர்களுக்கு ஒரு கற்பனை உதாரணம். திங்கட்கிழமை குறிப்பில் "நேற்றிரவு முதல் காய்ச்சல்" என்று இருக்கிறது. செவ்வாய்க்கிழமை அதை அப்படியே எடுத்து ஒட்டுகிறார்கள். புதன், வியாழன், வெள்ளி... எல்லா நாளும் "நேற்றிரவு முதல் காய்ச்சல்". சனிக்கிழமை புதிதாக டியூட்டிக்கு வருகிறவருக்குக் காய்ச்சல் என்றைக்கு ஆரம்பித்தது என்று எப்படித் தெரியும்? ஐந்து பக்கமும் பார்க்கச் சுத்தமாக, எழுத்துப்பிழை இல்லாமல், தேதி நேரத்தோடு இருக்கும். முதல் பக்கம் தவிர மற்ற நான்கும் பொய் சொல்லும். கிறுக்கலான கையெழுத்தில் ஒரு நன்மை இருந்தது: புரியவில்லை என்றாவது புரியும். அச்சடித்த மாதிரி இருக்கிற பொய்யை யார் சந்தேகப்படுவார்கள்?

குற்றவாளி கணினியா?

இங்கேதான் பெரும்பாலான பேர் வழி தவறுகிறார்கள். "மென்பொருள் மோசம், அதை மாற்றினால் சரி" என்கிறார்கள். மென்பொருள் மோசமாக இருக்கலாம். ஆனால் 2018ல் அமெரிக்க மருத்துவர்கள் சிலர் ஒரு சங்கதியைச் சொன்னார்கள். அதே நிறுவனத்தின் அதே மென்பொருளை மற்ற நாட்டு மருத்துவமனைகளும் பயன்படுத்துகின்றன. அங்கே எழுதப்படும் குறிப்பைவிட அமெரிக்கக் குறிப்பு சராசரியாகக் கிட்டத்தட்ட நான்கு மடங்கு நீளம். அதே திரை, அதே பொத்தான், நான்கு மடங்கு எழுத்து. அப்படியானால் வித்தியாசம் கணினியில் இல்லை.

வித்தியாசம் பில்லில் இருக்கிறது.

முதியோருக்கான அமெரிக்க அரசுக் காப்பீடான மெடிகேர், 1995லும் 1997லும் இரண்டு வழிகாட்டிகள் வெளியிட்டது. மருத்துவர் எவ்வளவு பெரிய வேலை செய்தார், அதற்கு எவ்வளவு பணம் கொடுக்கலாம் என்பதை அவர் எழுதிய குறிப்பில் எத்தனை அம்சங்கள் இருக்கின்றன என்று எண்ணி முடிவு செய்கிற முறை அது. உதாரணத்துக்கு, கண், காது, இதயம், நுரையீரல், வயிறு, தோல் என்று உடம்பைப் பதினாலு மண்டலமாகப் பிரித்து, குறைந்தது பத்தைப் பற்றிக் கேட்டதாக எழுதினால்தான் அது "முழுமையான" விசாரணை. கையால் எழுதுகிற காலத்தில் பத்தையும் எழுத யாருக்கும் கை வராது. கணினி வந்த பிறகு ஒரே சொடுக்கு. பத்து வரியும் "பிரச்சினை இல்லை, பிரச்சினை இல்லை" என்று வரிசையாக வந்து விழுந்துவிடும். கால் சுளுக்கு என்று வந்தவனிடம் காது கேட்கிறதா என்று கேட்டதாக எழுதியிருக்கும். கேட்டாரா? அது அந்தச் சொடுக்குக்கே வெளிச்சம்.

ஆகக் கணினி செய்தது ஒன்றுதான். கெட்ட விதி ஒன்று ஏற்கெனவே இருந்தது. அதற்குக் கீழ்ப்படிவது கஷ்டமாக இருந்தவரை குறிப்பு ஓரளவு குறிப்பாகவே இருந்தது. கணினி அந்தக் கஷ்டத்தை எடுத்துவிட்டது. அடுத்த டியூட்டிக்காரருக்கான கடிதம், காப்பீட்டுக்காரருக்கான ரசீதாக மாறிவிட்டது.

யார்தான் படிக்கிறார்கள்?

இவ்வளவு நீளக் குறிப்பை வரி விடாமல் படிக்கும் ஜீவன் யார்? அடுத்த டாக்டரா? அவருக்கு நேரம் இல்லை. கடைசி இரண்டு வரிக்கு நேராகத் தாவிவிடுவார். என் சந்தேகம், அந்த ஜீவன் பெரும்பாலும் சென்னையிலோ கோவையிலோ திருச்சியிலோ உட்கார்ந்திருக்கும் நம்ம சீனியர்தான்.

மெடிக்கல் கோடிங் தெரியாத வெளியூர் நண்பர்களுக்குச் சின்ன விளக்கம். அமெரிக்க மருத்துவர் எழுதியதைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய எண்ணைப் போட்டு அனுப்புவது இந்த வேலை. அந்த எண்ணை வைத்துத்தான் காப்பீட்டுப் பணம் வரும். 2015 அக்டோபர் 1 அன்று அமெரிக்கா ஐசிடி-10 என்கிற புதிய பட்டியலுக்கு மாறியபோது, நோய்களுக்கான எண்கள் சுமார் 14,000லிருந்து சுமார் 70,000 ஆயின. இடது கையா வலது கையா, முதல் தடவையா தொடர் சிகிச்சையா என்று எல்லாவற்றுக்கும் தனித்தனி எண். குறிப்பில் அது இல்லையென்றால் கோடர் திரும்பக் கேள்வி அனுப்ப வேண்டும். டாக்டரும் எழுதித் தொலைப்பார், இன்னும் நாலு வரி கூடும்.

இந்தத் தொழிலில் முதல் நாள் வகுப்பிலேயே சொல்லிக் கொடுக்கும் தாரக மந்திரம்: "எழுதாதது நடக்காதது." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: "எழுதியது நடந்தது." இது நியாயமா? பத்து மண்டலத்தையும் விசாரித்ததாக ஒரு சொடுக்கில் எழுதியிருந்தால், விசாரித்ததாகத்தான் கணக்கு. நம்ம சீனியருக்கு அந்த நோயாளியைப் பார்க்க வழியில்லை. பன்னிரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருந்துகொண்டு எழுத்தை மட்டும் எண்ணுவார். அவர் மேல் தப்பில்லை, வேலை அப்படி. ஆனால் நோயாளியைப் பார்க்காதவருக்காக, நோயாளியைப் பார்த்தவர் எழுதுகிறார் என்றால், அந்த எழுத்தின் லட்சணம் எப்படி இருக்கும்?

எழுதியும் போய்ச் சேராத ஒரு வார்த்தை

"நீளமாக இருந்தால் என்ன, தகவல் உள்ளே இருக்கிறதல்லவா?" என்று கேட்பீர்கள். 2014ல் டாலஸ் நகரத்தில் நடந்ததைப் பாருங்கள்.

லைபீரியாவிலிருந்து வந்திருந்த தாமஸ் எரிக் டங்கன் என்பவர், செப்டம்பர் 25 இரவு காய்ச்சலோடு அங்குள்ள பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போனார். மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா கொத்துக் கொத்தாக ஆட்களைக் கொன்றுகொண்டிருந்த நேரம் அது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர் என்று நர்ஸ் கேட்டுக் கணினியில் பதிந்தார். ஆனாலும் ஆன்டிபயாட்டிக் மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். 28ஆம் தேதி ஆம்புலன்ஸில் திரும்பி வந்தார். 30ஆம் தேதி எபோலா என்று உறுதியானது. அக்டோபர் 8 அன்று இறந்துபோனார். அவரைக் கவனித்த நர்ஸ்கள் இரண்டு பேருக்கும் தொற்றியது. நல்லவேளை, அவர்கள் பிழைத்துவிட்டார்கள்.

நர்ஸ் பக்கம் வேறு, டாக்டர் பக்கம் வேறு, அதனால் பயண விவரம் டாக்டர் திரையில் வரவில்லை என்று மருத்துவமனை முதலில் சொன்னது. மறுநாளே அதை மாற்றி, மென்பொருளில் கோளாறு இல்லை, விவரம் டாக்டருக்கும் கிடைக்கும்படிதான் இருந்தது என்றது. எனக்கு முதல் அறிக்கையைவிட இரண்டாவது அறிக்கைதான் பயங்கரமாகத் தெரிகிறது. கோளாறு என்றால் சரி செய்துவிடலாம். எல்லாம் சரியாக வேலை செய்தும் அந்த ஒரு வார்த்தை அடுத்த ஆளுக்குப் போய்ச் சேரவில்லை என்றால்? பதிந்தாகிவிட்டது, ஆனால் யாரும் யாரிடமும் சொல்லவில்லை. பதிவதும் சொல்வதும் ஒன்று என்று நம்ப ஆரம்பித்ததுதான் இதில் உள்ள ஆபத்து.

வழக்கமான சப்பைக்கட்டுகள்

ஒன்று: "நிறைய எழுதி வைத்தால் கோர்ட்டில் பாதுகாப்பு." அப்படியா? கணினிப் பதிவேட்டில் எந்த வரி எத்தனை மணிக்கு யார் பெயரில் ஏறியது என்பது தனியாகப் பதிவாகிக்கொண்டே இருக்கும். நேற்று ஒட்டிய அதே பத்தியை இன்றைக்கும் ஒட்டியிருப்பது எதிர்த்தரப்பு வக்கீலுக்குத் தெரிந்தால், அது கேடயமா, கழுத்துக்குக் கயிறா? செய்யாத பரிசோதனையைச் செய்ததாக ஒரு வரி நிரூபணமானால், உண்மையாகச் செய்ததும் சந்தேகத்துக்குள்ளாகும்.

இரண்டு: "செயற்கை நுண்ணறிவு வந்தாச்சு, எல்லாம் சரியாயிடும்." கடந்த சில ஆண்டுகளில், டாக்டரும் நோயாளியும் பேசுவதைக் கேட்டுத் தானாகவே குறிப்பெழுதும் கருவிகள் அமெரிக்காவில் வேகமாகப் பரவுகின்றன. டாக்டருக்குத் தட்டச்சு வேலை குறைந்து நோயாளியின் முகத்தைப் பார்க்க நேரம் கிடைத்தால் சந்தோஷம். ஆனால் வியாதி எழுதும் வேகத்தில் இல்லையே! எழுதுவதன் நோக்கத்தில் அல்லவா இருக்கிறது. நோக்கம் மாறாமல் வேகம் மட்டும் கூடினால் என்ன ஆகும்? ஒரு இயந்திரம் நீளமாக எழுதும், இன்னொரு இயந்திரம் அதற்கு எண் போடும், மூன்றாவது இயந்திரம் "படிக்க நேரமில்லை" என்கிற டாக்டருக்காகச் சுருக்கித் தரும். நடுவில் நோயாளி எங்கே என்று தேட நாலாவது இயந்திரம் செய்ய வேண்டியிருக்கும்.

மூன்று: "அமெரிக்காவே திருத்திக்கொண்டுவிட்டதே." ஆமாம், திருத்தியது. 2021 ஜனவரியிலிருந்து வெளிநோயாளிகளுக்கும் 2023லிருந்து உள்நோயாளிகளுக்கும், அம்சங்களை எண்ணிப் பணம் கொடுக்கும் முறையை விட்டுவிட்டு, மருத்துவர் எடுத்த முடிவு எவ்வளவு சிக்கலானது, அல்லது எவ்வளவு நேரம் செலவிட்டார் என்று பார்க்கிறார்கள். இது என் கட்சிக்குத்தான் சாட்சி. கோளாறு கணினியில் மட்டும் இருந்திருந்தால் பில் விதியை ஏன் மாற்ற வேண்டும்? இருபத்தைந்து வருஷமாக ஊறிப்போன டெம்ப்ளேட் பழக்கம் ஒரே உத்தரவில் ஓடிவிடாது என்பதையும் சேர்த்தே கவனியுங்கள். அவர்கள் படித்த பாடத்தை நாம் அடிபடாமலே படிக்கலாமே.

நம்ம ஊருக்கு வருவோம்

போன வருஷம் எங்கள் அம்மாச்சி நிமோனியாவோடு ஒரு தனியார் மருத்துவமனையில் ஆறு நாள் இருந்தார். பெயர் வேண்டாம். வைத்தியம் நல்ல வைத்தியம், ஆள் பிழைத்து வந்துவிட்டார். வீட்டுக்கு வந்தபின் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் படித்தேன். ஏழு பக்கம், பளபளவென்று. "ஒவ்வாமை: எதுவும் இல்லை" என்று இருந்தது. அம்மாச்சிக்கு சல்ஃபா மாத்திரை ஒத்துக்கொள்ளாது. ஒரு தடவை உடம்பெல்லாம் தடித்து, வாய் வெந்து, பெரிய பாடாகிவிட்டது. அட்மிஷன் அன்றைக்கே அம்மா அதை இரண்டு பேரிடம் சொன்னார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். கீழே இன்னொரு வரி, "செவித்திறன்: இயல்பு". அம்மாச்சிக்கு இடது காது கேட்டு இருபது வருஷம் ஆகிறது!

யாராவது வேண்டுமென்றே பொய் எழுதினார்களா? இல்லை. அந்தக் கட்டத்தில் யாரும் எதுவும் எழுதாவிட்டால் "எதுவும் இல்லை" என்று தானே விழுகிற மாதிரி யாரோ ஒரு புரோகிராமர் வைத்திருக்கிறார். கேட்காததும் இல்லாததும் ஒன்றா? வெற்றுக் கட்டமாக விட்டிருந்தால் அடுத்த டாக்டர் ஒரு கேள்வி கேட்டிருப்பார். "எதுவும் இல்லை" என்று அச்சில் இருந்தால் எதற்குக் கேட்பார்? இப்போது அந்த முதல் பக்கத்தில் சிவப்பு மையில் பெரிதாக எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, எங்கே போனாலும் அம்மா கையில் எடுத்துப் போகிறார். ஏழு பக்கக் கணினி அச்சைக் காப்பாற்ற ஒரு சிவப்புப் பேனா.

இது ஒரு வீட்டுக் கதை. ஆனால் இந்தத் தாள்கள் எல்லாம் இனி ஒன்றோடொன்று இணையப் போகின்றன. 2021 செப்டம்பர் 27 அன்று ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம் நாடு முழுக்கத் தொடங்கப்பட்டது. ஆளுக்கொரு 14 இலக்க எண், எந்த மருத்துவமனைக்குப் போனாலும் உங்கள் சம்மதத்தோடு பழைய ஆவணம் கிடைக்கும் என்பது நோக்கம். நல்ல நோக்கம். ஆனால் ஒரு மருத்துவமனையின் தப்பான வரி அந்த மருத்துவமனையோடு நின்ற காலம் போய், எண்ணோடு சேர்ந்து ஊர் ஊராக வரும் காலம் வருகிறது. இன்னொரு பக்கம், 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் கணினிகளைத் தாக்கி முடக்கியபோது, நாட்டின் தலைசிறந்த மருத்துவமனை சுமார் இரண்டு வாரம் பேனாவும் பேப்பருமாக வேலை பார்த்தது. திரை இருண்டாலும் நோயாளியின் கதை நாலு வரியில் சொல்லத் தெரிந்த டாக்டரும் நர்ஸும் வேண்டும். அந்தப் பழக்கத்தை டெம்ப்ளேட் தின்றுவிட்டால் அப்புறம் யார் எழுதுவது?

என்னதான் செய்யலாம்?

குறை மட்டும் சொல்லிவிட்டு ஓடுகிறான் என்று சொல்லக்கூடாது பாருங்கள். பெரிய ராக்கெட் சயன்ஸ் ஒன்றும் வேண்டாம்.

1. தினசரிக் குறிப்பின் முதல் வரி "நேற்றிலிருந்து இன்றைக்கு என்ன மாறியது?" என்று இருக்க வேண்டும். அது கையால் எழுதியதாக இருக்க வேண்டும், ஒட்ட முடியாததாக இருக்க வேண்டும்.

2. ஒட்டிய எழுத்து வேறு நிறத்தில் தெரியட்டும். காப்பி அடிப்பதைத் தடுக்க வேண்டாம், சில நேரம் தேவைதான். ஆனால் எது இன்றைய எழுத்து, எது போன வாரத்து எழுத்து என்று படிக்கிறவருக்குத் தெரிய வேண்டாமா?

3. கேட்காத கேள்விக்குப் பதில் தானாக விழக்கூடாது. "கேட்கவில்லை" என்பதும் ஒரு பதில்தான். நேர்மையான பதில்.

4. நர்ஸ் எழுதியதும் டாக்டர் எழுதியதும் ஒரே திரையில், ஒரே காலவரிசையில் வரட்டும். நோயாளி பக்கத்தில் அதிக நேரம் நிற்பவர் நர்ஸ். அவர் எழுத்தைத் தனி அறையில் பூட்டி வைப்பது என்ன நியாயம்?

5. இன்சூரன்ஸுக்கு வேண்டியதைத் தனிப் படிவத்தில் கேளுங்கள். மருத்துவக் குறிப்பின் தலையில் அதைக் கட்டாதீர்கள்.

6. நோயாளிக்குப் புரியும் மொழியில் ஒரு பக்கம். அமெரிக்காவில் 2021 ஏப்ரலிலிருந்து, தன்னைப் பற்றிய மின்னணுக் குறிப்பைத் தாமதமில்லாமல் பார்க்கும் உரிமை நோயாளிக்கு நடைமுறைக்கு வந்துவிட்டது. இங்கே அம்மாச்சிக்கு அந்த ஏழு பக்கமும் ஆங்கிலம். ஒரே ஒரு பக்கம் தமிழில் கொடுத்து "சரியா பாருங்கம்மா" என்று கேட்டிருந்தால், கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவரே இரண்டு தப்பையும் காட்டியிருப்பார். எந்த மென்பொருளும் கண்டுபிடிக்காத பிழையை நோயாளி கண்டுபிடிப்பார், ஏனென்றால் அது அவர் உடம்பு.

கடைசியாக நம் வகுப்பு நண்பர்களுக்கு. நாளைக்கு நம்மில் சில பேர் கோடிங் கம்பெனியில் இந்தக் குறிப்புகளைப் படிப்போம். சில பேர் எம்சிஏ முடித்து இந்த மென்பொருளையே எழுதுவோம். ஒன்றிரண்டு பேர் மருத்துவமனை நிர்வாகத்தில் உட்கார்ந்து "எல்லாக் கட்டமும் நிரப்பப்பட்டிருக்கிறதா?" என்று கேட்கும் நாற்காலிக்குப் போவோம். அப்போது வெற்றுக் கட்டத்தில் "எதுவும் இல்லை" என்று தானாக விழட்டும் என்று யாராவது நம்மிடம் சொல்வார்கள். வேலை சீக்கிரம் முடியும், ரிப்போர்ட் நூறு சதவீதம் பச்சையாகத் தெரியும் என்பார்கள். "யார் கேட்டார்கள், யார் சொன்னார்கள்?" என்று அப்போது ஒரு வார்த்தை திருப்பிக் கேளுங்கள். அந்தக் கட்டத்துக்குப் பின்னால் யாரோ ஒருத்தருடைய அம்மாச்சி படுத்திருப்பார்.

டிஸ்கி: மருத்துவர்களையும் நர்ஸ்களையும் திட்டி எழுதியதாக நினைக்க வேண்டாம். இந்த முறையில் நோயாளிக்கு அடுத்தபடியாக மாட்டிக்கொண்டு முழிப்பவர்கள் அவர்கள்தான். மருத்துவமனையில் வேலை செய்கிறவர்கள் யாராவது படித்தால், உங்கள் வார்டில் எப்படி எழுதுகிறீர்கள் என்று பின்னூட்டத்தில் சொல்லுங்கள். என்னோடு சண்டை போடுவதாக இருந்தாலும் சரி, வாங்க.